அப்பா கேட்பது தகன மேடை, குடும்ப வழக்கம் புதைப்பது: என்ன செய்வது?

கேள்வி: என் அப்பாவுக்கு 79 வயது. கரூர் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில் அவரும் அம்மாவும் தனியாக இருக்கிறார்கள். ஆறு வருடங்களுக்கு முன்பு அவருக்கு பேஸ்மேக்கர் வைத்தோம். இப்போது நன்றாகத்தான் நடமாடுகிறார். ஆனால் பொங்கலுக்குப் போனதிலிருந்து, “நான் போனால் புதைக்காதீர்கள், மின் மயானத்துக்குக் கொண்டுபோங்கள்” என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். எங்கள் வகையறாவில் புதைப்பதுதான் வழக்கம். பெரியப்பா, “சமாதி இல்லாமல் எங்கே போய்க் கும்பிடுவது? நம் குடும்பத்தில் யாரையாவது எரித்திருக்கிறோமா?” என்று கோபப்படுகிறார். உள்ளே வைத்ததும் உடம்பு எழுந்து உட்காரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அம்மா பயந்துபோயிருக்கிறார். தம்பி டொரண்டோவில் இருக்கிறான், வந்து சேர இரண்டு நாள் ஆகும். பக்கத்தில் இருப்பது நான் மட்டும்தான். நான் என்னென்ன தெரிந்து வைத்திருக்க வேண்டும்?
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் பெரியப்பாவின் கோபத்துக்குப் பல வரிகள், பேஸ்மேக்கருக்கு ஒரே வரி. ஆபத்து இருப்பது பேஸ்மேக்கரில் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பேஸ்மேக்கர் என்பது டைட்டானியம் உறைக்குள் இறுக மூடிய பேட்டரிக் கருவி. சூடு ஏற ஏற உள்ளே வாயு பெருகும். வெளியேற வழி இல்லாததால் உறை வெடிக்கும். உலையின் உட்சுவர்ச் செங்கல் பெயர்ந்துவிடலாம். பார்வைத் துளை வழியாகக் கவனித்துக்கொண்டிருக்கும் பணியாளருக்குக் காயம் படலாம். விறகுச் சிதையிலும் இதே ஆபத்து உண்டு, அங்கே சுற்றி நிற்பவர்கள் வீட்டு மனிதர்கள். புதைக்கும்போது இதை எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லாததால், உங்கள் வகையறாவில் இந்தப் பேச்சே எழுந்திருக்காது.

எடுப்பது சிறிய வேலைதான். பெரும்பாலும் இடது காறை எலும்புக்குக் (கழுத்தடியிலிருந்து தோள் வரை போகும் எலும்பு) கீழே, தோலுக்கு அடியில் கருவி இருக்கும். மருத்துவர் சிறு கீறல் போட்டு, கம்பியைத் துண்டித்து, கருவியை எடுத்துவிட்டுத் தையல் போடுவார். மருத்துவமனையில் இறந்தால் உடல் வெளியே வருவதற்கு முன்பே கேட்டுச் செய்துகொள்ளுங்கள். வீட்டில் இறந்தால்தான் சிக்கல்: இரவு பதினொரு மணிக்கு வந்து இதைச் செய்யும் மருத்துவரை அன்றைக்குத் தேட முடியாது. அப்பாவை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் இப்போதே கேட்டு, அவர் மாட்டேன் என்றால் யார் செய்வார் என்று அவரிடமே தெரிந்துகொள்ளுங்கள். கருவி வைத்தபோது கொடுத்த அடையாள அட்டையை நகலெடுத்து வையுங்கள். அதில் ‘ஐ.சி.டி.’ என்று இருந்தால் அது இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் வகை. அதை முதலில் செயலிழக்கச் செய்துவிட்டுத்தான் கம்பியைத் துண்டிக்க வேண்டும், இல்லாவிட்டால் எடுப்பவருக்கு அதிர்ச்சி அடிக்கும். மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் வைத்த உலோகம், எலும்பு முறிவுக்கு வைத்த தகடு, திருகு ஆகியவற்றால் தொந்தரவு இல்லை. அவை எரியாமல் சாம்பலோடு வெளியே வரும், பிரித்து எடுத்துவிடுவார்கள்.

அடுத்தது, அப்பா சொல்லும் ‘மின் மயானம்’. பழைய மின்சார உலையில் கம்பிச் சுருள்கள் சூடேறி உலை தயாராக நீண்ட நேரம் பிடிக்கும். ஒன்றிரண்டு உடல்களே வரும் ஊரில் அதைச் சூடாகவே வைத்திருப்பது கட்டுப்படியாகாது. அதனால் தமிழ்நாட்டில் இன்று ஊர்களில் இருப்பவை பெரும்பாலும் எல்.பி.ஜி. எரிவாயுவில் இயங்கும் உலைகள். அரசுப் பலகையில் ‘நவீன எரிவாயு தகன மேடை’ என்று இருந்தாலும் மக்கள் வாயில் பழைய பெயர்தான். நகராட்சியோ பேரூராட்சியோ கட்டி, பராமரிப்பை அறக்கட்டளைகளிடமோ ரோட்டரி போன்ற சங்கங்களிடமோ விட்டிருக்கும் இடங்கள் பல.

உள்ளே நடப்பது இதுதான். தீச்செங்கல் பதித்த அறையில் எரிவாயு பர்னர்கள் எரிந்து, வெப்பம் 760 முதல் 980 டிகிரி செல்சியஸ் வரை போகும். அங்கிருந்து வரும் புகை இரண்டாவது அறையில் மறுபடி எரிக்கப்பட்டு, தண்ணீர் தெளிப்பில் கழுவப்பட்டு, சுமார் 30 மீட்டர் உயரப் புகைபோக்கி வழியே வெளியேறும். ஓர் உடலுக்கு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். காலையில் முதலில் வரும் உடலுக்கு நேரம் கூடுதலாக ஆகும், ஏனென்றால் செங்கல் குளிர்ந்திருக்கும். ஃப்ரீசர் பெட்டியில் இருந்து நேராக வந்த உடலும், பருத்த உடலும் கணக்கை மாற்றும். அப்பா கனத்த உடம்புக்காரர் என்றால் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள்.

விறகில் எரிப்பதானால் 400 முதல் 600 கிலோ விறகு வரை போகும். நம் ஊர்களில் வறட்டி அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மேலே களிமண் பூசி மூட்டம்போல் எரிக்கும் முறையில் விறகு மிச்சம், ஆனால் இரவு முழுக்க எரிந்து மறுநாள் காலைதான் எலும்பு பொறுக்க முடியும். மழைக்காலத்தில் நனைந்த வறட்டி சரியாகப் பிடிக்காமல் பாதியில் அணைவதும் உண்டு. எரிவாயு மேடை மாசே இல்லாதது என்று சிலர் சொல்வது சரியல்ல, எரிவதும் பெட்ரோலிய வாயுதான். மரம் மிச்சமாகும், அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் புகை போகாது, அன்றைக்கே அஸ்தி கைக்கு வரும். இவ்வளவுதான் அதன் பலன், அப்பாவின் விருப்பத்துக்கு இது போதுமான காரணம் என்றே நினைக்கிறேன்.

அம்மாவின் பயத்துக்கு அவரிடம் நேராகவே பதில் சொல்லுங்கள், பேச்சை மாற்றாதீர்கள். சூடு படும்போது தசை நார்கள் சுருங்கும். அதனால் கைகால் மூட்டுகள் மெல்ல மடங்கும். சிதையில் இதைத் தூரத்திலிருந்து பார்த்தவர்கள் ‘எழுந்து உட்கார்ந்தது’ என்று சொல்லிவிட்டார்கள். உயிர் போன உடம்பில் வலியும் இல்லை, நினைவும் இல்லை. நெருப்புக்குத் தசை இழுபடுவது தவிர அங்கே வேறெதுவும் நடப்பதில்லை. தகன மேடையில் கதவு மூடியபின் குடும்பத்தார் எதையும் பார்க்க வேண்டியதும் இல்லை.

பெரியப்பா எழுப்புவது வேறு வகைக் கேள்வி, அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. வருஷத்துக்கு ஒருமுறை போய் விளக்கேற்ற, வாழை இலை போட்டுப் படைக்க ஓர் இடம் வேண்டும் என்பது நியாயமான ஆசை. தமிழ்நாட்டில் புதைப்பதும் எரிப்பதும் இரண்டுமே தொன்மையான வழக்கங்கள்தான். ஆதிச்சநல்லூரில் தாழியில் வைத்து அடக்கம் செய்தவர்களும் நம் முன்னோர்களே. எனவே ‘எரிப்பதுதான் முறை’ என்று வாதாடி அவரை வெல்லப் பார்க்காதீர்கள். அவருக்குத் தேவை ஓர் இடம். அதைத் தகனத்துக்குப் பிறகும் கொடுக்க முடியும்.

உலையிலிருந்து கிடைப்பது இரண்டு முதல் மூன்று கிலோ வரை. பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட், அதாவது வெந்து வெளுத்து, கையால் நொறுக்கினால் உதிரும் எலும்புத் துண்டுகள். மேலைநாடுகளில் இயந்திரத்தில் அரைத்துத் தூளாக்கித் தருவார்கள். இங்கே பெரும்பாலும் துண்டுகளாகவே மண் கலயத்தில் தருகிறார்கள். இதை இரண்டு பங்காக்குங்கள். ஒரு பங்கைக் காவிரியில் கரையுங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே பவானி கூடுதுறை இருக்கிறது. இன்னொரு பங்கைத் துணியில் முடிந்து, மண் கலயத்தில் வைத்து, தாத்தா பாட்டி சமாதிக்குப் பக்கத்தில் இரண்டடி ஆழத்தில் புதைத்து மேலே கல் நடுங்கள். பால் ஊற்றுவது, கும்பிடுவது எல்லாம் வழக்கம்போல் அங்கேயே நடக்கலாம். மயானத்தைப் பராமரிக்கும் உள்ளாட்சி அலுவலகத்திலும், உங்கள் வகையறாப் பெரியவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இந்த ஏற்பாட்டை அப்பாவே பெரியப்பாவிடம் போய்ச் சொல்ல வேண்டும். அண்ணன் தம்பிக்குள் தீராத விஷயத்தை நாளைக்குப் பிணத்தை வைத்துக்கொண்டு நீங்கள் தீர்க்க முடியாது.

பெரியவர்கள் சிலர், “எங்கேயும் வேண்டாம், நம் தோட்டத்திலேயே வைத்துவிடலாம்” என்பார்கள். தோட்டம் கிராம ஊராட்சி எல்லைக்குள் இருந்தால், இடுகாடு, சுடுகாடு தொடர்பான 1999-ம் ஆண்டு தமிழ்நாடு விதிகள் குறுக்கே நிற்கும். அனுமதி பெற்ற இடத்தில்தான் உடலைப் புதைக்கவோ எரிக்கவோ முடியும். குடியிருப்புக்கோ குடிநீர் ஆதாரத்துக்கோ 90 மீட்டருக்குள் கூடாது. அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்தால் புதைத்த உடலைத் தோண்டி எடுக்கும் நிலை வரைக்கும் போகும்.

இனி தாள்கள். எரித்துவிட்டால் திரும்பப் பார்க்க எதுவும் மிஞ்சாது. அதனால் தகன மேடையில் சான்று கேட்பது புதைகுழியைவிடக் கண்டிப்பாக இருக்கும். மருத்துவமனையில் இறந்தால் இறப்பின் காரணத்தைச் சான்றளிக்கும் படிவம் 4, வீட்டில் இறந்தால் சிகிச்சை அளித்த மருத்துவர் கையெழுத்திடும் படிவம் 4ஏ. வீட்டு மரணத்தில் இதுதான் இடறும் இடம். சமீபத்தில் அப்பாவைப் பார்த்திராத மருத்துவர் கையெழுத்துப் போடத் தயங்குவார், அவர் தயங்குவது சரியும்கூட. ஆகவே அப்பாவை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ஒரே மருத்துவரிடம் காட்டி, சீட்டுகளைக் கோப்பில் சேர்த்து வையுங்கள். அதோடு அப்பாவின் ஆதார் நகல், விண்ணப்பிப்பவரின் ஆதார் நகல் இரண்டும் வேண்டும்.

வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டு, அதனால் இறந்தால் கதை வேறு. மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுக்கும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 194-ம் பிரிவின்படி (முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174) விசாரணையும், தேவைப்பட்டால் பிரேதப் பரிசோதனையும் நடக்கும். அது முடிந்து காவல் துறை உடலை ஒப்படைத்த பிறகுதான் தகனம். ‘வயசானவர்தானே’ என்று விழுந்ததை மறைத்து அவசரமாக எரித்தால், பின்னால் காப்பீட்டிலும் சொத்திலும் சந்தேகக் கேள்விகள் கிளம்பும்.

தகனம் முடிந்ததும் தரும் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணத்தோடு முடியும். அதற்கு மேல் போனால் அதிகாரியின் அனுமதி, ஒரு வருடம் தாண்டினால் நிர்வாக நடுவரின் உத்தரவு என்று அலைச்சல் கூடும். பலர் தவறுவது இன்னொரு இடத்தில்: பதிவு நடப்பது இறந்த ஊரில், எரித்த ஊரில் அல்ல. அப்பா கோவை மருத்துவமனையில் இறந்து உங்கள் ஊரில் எரியூட்டினால், சான்றிதழ் கோவை மாநகராட்சியில்தான் கிடைக்கும். பெயரின் எழுத்து ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று பதியும்போதே பாருங்கள். ‘முத்துசாமி’ ‘முத்துச்சாமி’ ஆனால்கூட வாரிசுச் சான்றிதழிலும் வங்கியிலும் அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்திலும் போய் நிற்கும்.

தம்பிக்காகக் காத்திருப்பது பற்றி. ஃப்ரீசர் பெட்டியில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் தாங்கும். மின்சாரம் போனால் உடனே ஓட ஜெனரேட்டர் வேண்டும். வருகிறவர்கள் ஒவ்வொருவரும் மூடியைத் திறந்து முகம் பார்த்தால் குளிர் நிற்காது. தம்பியின் விமானம் உறுதியாகும் வரை மருத்துவமனைப் பிணவறையில் வைத்திருந்து, கடைசி சில மணி நேரம் மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருவது நல்லது. அரசு மருத்துவமனையில் இறந்தால் வீட்டுக்குக் கொண்டுவர இலவச அமரர் ஊர்தி உண்டு, எண் 155377. இரண்டு நாளுக்கு மேல் ஆகும் என்றால் எம்பாமிங் (உடல் கெடாமலிருக்க மருந்து ஏற்றுவது) பற்றிக் கேளுங்கள், அதைச் செய்த உடலையும் தாராளமாக எரியூட்டலாம். வெளிநாட்டிலிருந்து வரும் விமானம் தாமதமாவது வழக்கம். எனவே இன்ன நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம் என்ற எல்லையை அப்பா வாயாலேயே தம்பியிடம் சொல்லவையுங்கள். தம்பி வந்து சேராவிட்டால் கொள்ளி வைப்பது நீங்களாக இருக்கலாம். மகள் செய்யக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

சடங்குகள் விட்டுப்போகுமோ என்ற கவலை வேண்டாம். வாய்க்கரிசி, நீர்க்குடம் சுற்றி உடைப்பது, கொள்ளி எல்லாம் உலைக்கு முன்னால் உள்ள மண்டபத்தில் நடக்கும். நெஞ்சின் மேல் சூடம் ஏற்றிக் கொள்ளி வைத்த பின் தள்ளுமேடை உள்ளே போகும். ஆனால் நேரம் குறித்துக் கொடுத்திருப்பார்கள். மாலை ஐந்து மணிக்கு எடுத்து, மேளமும் வெடியுமாக ஊர்வலம் நீண்டு, இருட்டிய பிறகு போய் நின்றால் அன்றைக்கு உலை அணைந்திருக்கும். ஐயரோ வள்ளுவரோ, யார் சடங்கு செய்கிறாரோ அவரிடம் மேடையின் நேரத்தை முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.

உள்ளே போகக் கூடாதவை என்று சில உண்டு. மோதிரம், அரைஞாண், மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம், செல்போன், காது கேட்கும் கருவி, பிளாஸ்டிக் மாலை, பாலியஸ்டர் சால்வை, சென்ட் பாட்டில். தங்கம் 1064 டிகிரியில்தான் உருகும், ஆனாலும் சாம்பலில் தொலைந்தால் கிடைக்காது. வீட்டிலேயே கழற்றி, யாரிடம் கொடுத்தோம் என்று இரண்டு பேர் பார்க்கக் கொடுங்கள். ரோஜா மாலைகள் பத்துப் பதினைந்து அப்படியே போனால் அந்த ஈரம் முழுக்க ஆவியாகும் வரை சூடு ஏறாது, நேரமும் எரிவாயுவும் வீண். ஒரு துளசி மாலை போதும். பச்சை மூங்கில் பாடை கணுவுக்குக் கணு வெடிக்கும், ஆகவே அதை வாசலோடு விட்டுவிடுவார்கள். சனிக்கிழமையாக இருந்தால் துணைக்குத் தேங்காய் கட்டிவிடுவது உண்டு. முழுத் தேங்காயின் உள்நீர் கொதித்துக் குண்டுபோல் வெடிக்கும், அதை வெளியே உடைத்துவிடச் சொல்லுங்கள். நெய்யும் சூடமும் அளவுக்கு மிஞ்சினால் கதவு மூடுவதற்குள் தீ வெளியே பாயும். பிள்ளைகள் முன்னால் நிற்கும்போது இது விளையாட்டில்லை.

சாம்பலுக்கு அங்கேயே இருந்தால் ஆறும் நேரத்தையும் சேர்த்து இரண்டு மணி நேரத்தில் வாங்கிவிடலாம். ஒரு நேரத்தில் ஓர் உடல்தான் உள்ளே வைக்கிறார்களா, சாம்பலைத் தட்டில் இழுத்தெடுக்கும்போது பெயர்ச் சீட்டு வைக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ள ஒருவர் அங்கேயே நிற்பது நல்லது. தம்பி ஒரு பங்கை டொரண்டோவுக்கு எடுத்துப்போக விரும்பினால் உலோகச் செம்பு வேண்டாம், விமான நிலைய எக்ஸ்ரேயில் உள்ளே இருப்பது தெரியாது. மரப் பெட்டியில் வைத்து, இறப்புச் சான்றிதழ், தகன ரசீது நகல்களோடு கைப்பையில் கொண்டுபோகட்டும். விமான நிறுவனத்திடம் முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்பா உயில் எழுதியிருந்தால் அதில் மட்டும் இதை எழுதி வைப்பதால் பயன் இல்லை. உயிலைப் பிரிப்பதே காரியம் எல்லாம் முடிந்த பிறகுதான். தனியாக ஒரு தாளில் அவர் கைப்பட எழுதட்டும்:

“என் உடலை இன்ன ஊர் நவீன தகன மேடையில் எரியூட்ட வேண்டும். அன்று அது இயங்காவிட்டால் இன்ன ஊருக்குக் கொண்டுபோகலாம். அதுவும் முடியாவிட்டால் வறட்டியிலோ விறகிலோ எரிக்கலாம். என் மார்பில் பேஸ்மேக்கர் உள்ளது, எரிப்பதற்கு முன் எடுத்துவிட வேண்டும். அஸ்தியில் ஒரு பங்கை என் பெற்றோர் சமாதி அருகே வைக்க வேண்டும். மகனுக்காக இத்தனை மணி நேரம் காத்திருக்கலாம். இவற்றை என் மகள் பார்த்துக்கொள்வாள்.”

தேதி, கையெழுத்து, இரண்டு சாட்சிகள். சாட்சிகளில் ஒருவர் பெரியப்பாவாக இருந்தால் நல்லது. ஒரு பிரதி அம்மாவிடம், ஒன்று உங்களிடம், ஒன்று மருத்துவரிடம். படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அப்பாவே போடட்டும். சட்டப்படி கட்டாயப்படுத்தும் ஆவணமாக இதை நினைக்க வேண்டாம். ஆனால் அன்றைக்குத் திண்ணையில் பத்துப் பேர் பத்து விதமாகப் பேசும்போது அப்பாவின் கையெழுத்துக்கு எதிராகப் பேச யாருக்கும் மனம் வராது. இரண்டாவது, மூன்றாவது இடம் எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பர்னர் பழுது, செங்கல் மாற்றும் வேலை, சிலிண்டர் வராதது என்று சிறு ஊர் உலைகள் நாள்கணக்கில் நிற்பது உண்டு. அப்போது மாற்று எதுவென்று தெரியாத குடும்பம், கையில் கிடைத்த வழிக்குத் திரும்பிவிடும்.

கண் தானம் பற்றியும் அப்பாவிடம் கேளுங்கள். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதுவரை இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையணையால் தலையைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். தகனத்துக்கு இது தடையே இல்லை. முழு உடல் தானம் என்றால் உடல் மருத்துவக் கல்லூரிக்குப் போய்விடும். தகனமும் வேண்டும், உடல் தானமும் வேண்டும் என்று இரண்டையும் எழுதிவைத்துவிட்டால் வீட்டில் குழப்பம்தான்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, ஒரு வேலை நாள் காலையில் அந்தத் தகன மேடைக்கு நேரிலேயே போய்ப் பாருங்கள். எத்தனை மணி வரை எடுத்துக்கொள்கிறார்கள், முன்பதிவுக்கு யாரை அழைப்பது, கட்டணத்தில் எதெல்லாம் அடக்கம், ஜெனரேட்டர் உண்டா, பேஸ்மேக்கர் எடுத்ததற்கு மருத்துவர் சீட்டு கேட்பார்களா என்று கேட்டு அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். அம்மா வர விரும்பினால் அழைத்துப் போங்கள். பெரியப்பாவையும் கேட்டுப் பாருங்கள். கலயம் எவ்வளவு பெரியது, அதில் எவ்வளவு கொடுப்பார்கள் என்பதை அவர் கண்ணால் பார்த்துவிட்டால், தாத்தா சமாதிக்குப் பக்கத்தில் எந்த இடம் என்பதை அவரே காட்டக்கூடும்.